கீர்த்தனை கடன் வாங்கிய உடை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மார்கழி இசைச் சிறப்பிதழில், சென்னைத் தேவாலயங்களின் கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனை பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் அழகு. ஆனால் அண்மைக் காலமாகத் தேவாலயங்கள் கர்நாடக இசையைக் கடன் வாங்கிப் பாடத் தொடங்கியிருப்பதாக அதில் ஒரு வரி. அந்த வரி மனத்தைப் புண்படுத்தியது. 'அண்மைக் காலம்' என்பதும் தவறு, 'கடன்' என்பதும் தவறு.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பிறந்த ஆண்டு 1774. தியாகராஜர் 1767, சியாமா சாஸ்திரி 1762. முத்துசுவாமி தீட்சிதரும் அதே தலைமுறை. இவர்கள் பாடிய காலத்தில், இவர்கள் நடமாடிய தஞ்சை மண்ணில், பல்லவி அனுபல்லவி சரணம் என்று முறையாகக் கட்டிய தமிழ்க் கீர்த்தனைகளை இயேசுவின் மேல் பாடிக்கொண்டிருந்தார் சாஸ்திரியார். சரபோஜி மன்னரைப் போலவே அவரும் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர். அவர் செய்த பெத்லகேம் குறவஞ்சியில் குறி சொல்ல வருகிற சிங்கி விசுவாசம், பறவை பிடிக்கிற சிங்கன் குரு, அவன் துணையாள் நூவன் உபதேசியார், பிடிபடும் பறவைகள் ஆன்மாக்கள். குறவஞ்சி என்ற வடிவத்தின் எலும்பு நரம்பு வரை தெரிந்த ஒருவரால்தான் அப்படிப் பொருத்த முடியும். இதற்கா கடன் என்று பெயர்?

தீட்சிதர் நம் மணலியில் இருந்தபோது கோட்டை பேண்டு வாசித்த மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதப் பாட்டு வரிகள் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறார்கள். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். அதையெல்லாம் தாங்கள் மேதைமை என்றே எழுதுகிறீர்கள், அது சரியும்கூட. அதே அளவுகோலைக் கீர்த்தனைக்கும் வைக்கக் கூடாதா?

ஆபிரகாம் பண்டிதரையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, சொந்தச் செலவில் இசை மாநாடுகள் நடத்தியவர். 1916இல் பரோடா மாநாட்டில் தம் சுருதி ஆராய்ச்சியை எடுத்துரைத்தவர். 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற இசை ஆராய்ச்சி நூலை வெளியிட்டவர். சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது 1943இல். அதற்கு முன்பே தமிழில் கீதமும் கீர்த்தனையும் செய்து வைத்த இந்தக் கிறிஸ்தவருக்குத் தங்கள் சிறப்பிதழ்கள் எதிலும் ஒரு முழுப் பக்கம் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. தங்களுக்குத் தெரியாத செய்தியும் அல்ல இது. தெரிந்தும் விடுபடுவதுதான் வலிக்கிறது.

தேவாலயங்களின் மேல் எனக்குக் குறை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பழைய கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். இன்று வரிகள் திரையில் ஓடுகின்றன, அந்த ராக தாளக் குறிப்பு மட்டும் காணாமல் போய்விட்டது. அந்த ஒரு வரி போனதும் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைக்குப் பிடி இல்லை. மாயாமாளவகௌளை ராகத்தின் வழி வந்த ஒரு கீர்த்தனையை சி ஸ்கேலில் எடுத்துக்கொள்ளுங்கள். கை பழகிய மூன்று கார்டுகள், அதாவது சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டங்கள், சி, எஃப், ஜி மேஜர். சி மேஜரில் பிழை இல்லை, ச க ப மூன்றும் ராகத்துக்குள் இருக்கின்றன. எஃப் மேஜரில் சதுஸ்ருதி தைவதம் வருகிறது, ராகத்தில் இருப்பதோ அதைவிட அரைச்சுரம் தாழ்ந்த சுத்த தைவதம். ஜி மேஜரில் சதுஸ்ருதி ரிஷபம் வருகிறது, ராகத்தில் இருப்பது அதைவிட அரைச்சுரம் தாழ்ந்த சுத்த ரிஷபம். மூன்றில் இரண்டு கார்டு ராகத்தை முறிக்கின்றன. பாடுகிறவர் மெல்ல மெல்ல கீபோர்டின் பக்கம் சாய்ந்து, சரணம் முடிவதற்குள் சங்கராபரணம் போன்ற ஏதோ ஒன்றில் நிற்பார். எஃப் மைனர் வாசித்தால் இடிக்காது. அதைவிட நல்லது, கார்டை விட்டுவிட்டு ச ப மட்டும் பிடித்து நிற்பது. தோடி என்றால் அதுவும் போதாது. காந்தாரம் அசைந்து நிற்கும் ராகம் அது. கீபோர்டின் கட்டையை அழுத்திப் பிடித்தால் அசைவு செத்துவிடும். அங்கே கீபோர்டு சுருதியோடு நின்று, பாட்டை வயலினுக்கோ குரலுக்கோ விட வேண்டும்.

தாளத்தில் நடக்கிற சேதம் இன்னும் பெரிது. மிஸ்ர சாபு தாளம் ஏழு எண்ணிக்கை, மூன்றும் நான்குமாக. கீபோர்டில் தயாராக இருக்கிற ரிதம் பெரும்பாலும் நான்கு அல்லது மூன்று. ஏழை எட்டாக்க ஓர் எண்ணிக்கையை எங்காவது இழுத்தாக வேண்டும், இழுக்கிற இடத்தில் குறில் நெடிலாகிவிடும். 'விடு' என்று மன்றாடுகிற இடத்தில் சபை 'வீடு' என்று பாடும். ரூபக தாளத்துக்கு வால்ட்ஸ் என்ற மேற்கத்திய நடன ரிதம் போட்டால் நடை ஆட்டமாகிவிடும். தாளம் தொடங்கி அரை இடம் தள்ளி எடுப்பு (பாட்டுத் தொடங்கும் இடம்) வைத்த பாட்டைத் தாளத்தின் தலையிலேயே தொடங்கினால், மோனைக்குரிய எழுத்து தன் இடம் விட்டு நகர்ந்து அழுத்தம் வேறு அசையில் விழும். ரிதம் பொத்தானை அணைத்துவிட்டு, ஒத்திகையில் முதல் பத்து நிமிடம் கையால் தாளம் போட்டு வரிகளைச் சொல்ல வைத்தாலே இதில் பாதி சரியாகும்.

சுருதியும் அப்படித்தான். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுகிற சபைக்கு ஒரு கட்டைச் சுருதி (கீபோர்டில் சி), மிஞ்சினால் ஒன்றரை. முன்னால் மைக் பிடித்திருப்பவரின் குரல் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று டிரான்ஸ்போஸ் பொத்தானால் மூன்று கட்டைக்கு ஏற்றினால், சரணம் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது சபை வாயை மூடிக்கொள்ளும். மேடை பாடும், மக்கள் கேட்பார்கள். கீர்த்தனை அதற்காகப் பிறந்ததல்ல.

மேற்கத்திய மெட்டிலேயே தமிழில் பாடும் பாமாலைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. வேப்பேரியில் வாழ்ந்த ஜெர்மன் மிஷனரி பெப்ரீஷியஸ் ஐயர் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கியது பெரும் உழைப்பு. ஆனால் அந்த மெட்டுகள் பல வலுவில்லாத அசையில் தொடங்கி அடுத்த அசையில் அழுந்தும். தமிழோ மோனையை முதலெழுத்தில் வைக்கும் மொழி. அந்த உரசல் பாமாலையில் இன்றும் கேட்கிறது. கீர்த்தனையில் அது கிடையாது, ஏனென்றால் சொல்லும் மெட்டும் அங்கே சேர்ந்தே பிறந்தன. இருந்தும் டிசம்பர் வந்தால் தங்கள் இதழில் வருகிற படம் அங்கி போட்ட குயரும் மெழுகுவர்த்தியும் மட்டுமே. மிருதங்கத்தோடு அமர்ந்து பாடும் குழுவின் படம் ஏன் வருவதில்லை?

மறுபக்கமும் உண்டு. சாஸ்திரியார் திருச்சபைக்குள் சாதி வழக்கத்தைக் காக்க வாதாடியவர். அதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாட எனக்கு மனமில்லை. பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்த தியாபிலஸ் அப்பாவு போன்றவர்கள், கர்நாடக இசை மட்டும் போதுமா என்று கேட்ட கேள்வி நியாயமானது. அந்தந்த மக்களின் இசைமரபுக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963இலேயே சொல்லிவிட்டது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இருநூறு ஆண்டுகளாகத் தங்களுக்குள் வாதாடிவரும் விஷயம் இது. இதைப் புதுப் பழக்கம் என்று ஒரே வரியில் முடிப்பது, இரு தரப்பையும் இல்லாதவர்களாக்குகிறது.

நான் கேட்பது இரண்டுதான். அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம். பிறகு, டிசம்பரில் தாங்கள் வெளியிடும் பாடல் ஆராதனை நிகழ்ச்சிப் பட்டியலில், கச்சேரிகளுக்கு அச்சிடுவது போலவே கீர்த்தனைகளுக்கும் ராகம், தாளம் போட்டு அச்சிடுங்கள். இடம் இல்லை என்றால் ராகத்தின் பெயர் மட்டுமாவது.

தங்கள் நெடுநாள் வாசகர்,
வேப்பேரி, சென்னை.