டேபிள்தான் ரிலேஷன்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் தொடங்கியிருக்கும் தரவுத்தள (டேட்டாபேஸ்) தொடரின் முதல் பகுதியை இரண்டு முறை படித்தேன், இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. எழுதியவர் எளிமையாகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் இரண்டு இடங்களில் கோடு போட வேண்டியதாகிவிட்டது. டேபிள்களுக்கு இடையே உறவு இருப்பதால்தான் 'ரிலேஷனல்' தரவுத்தளம் என்ற பெயர் வந்தது என்கிறார். லட்சக்கணக்கில் தகவல் வைத்திருப்பவர்களுக்குத்தான் தரவுத்தளம் வேண்டும், மற்றவர்களுக்கு எக்செல் போதும் என்றும் முடிக்கிறார்.

பின்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், பட்டுத் தெரிந்துகொண்டவன் என்பதால். நான் கணினி படித்தவன் இல்லை. கணக்கெழுதிப் பிழைத்தவன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு ரத்ததானக் குழுவின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. மொத்தமே 640 பேர். ஒரே ஷீட், தானம் ஒன்றுக்கு ஒரு வரி: பெயர், ரத்தப் பிரிவு, தொலைபேசி, தேதி, கொடுத்த இடம். கணக்குப் புத்தகம் மாதிரி பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒன்பது முறை கொடுத்தவருக்கு ஒன்பது வரி. அவர் எண்ணை மாற்றியபோது கண்ணில் பட்ட இரண்டு வரிகளில் திருத்தினேன். மற்ற ஏழில் பழைய எண் அப்படியே இருந்தது. ஒருநாள் நள்ளிரவில் அந்த எண்ணை அழைத்து, முன்பின் தெரியாத ஒருவரிடம் நியாயமாகவே திட்டு வாங்கினேன். இன்னொருவர் எட்டு வரிகளில் பி பாசிட்டிவ், ஒரு வரியில் பி நெகட்டிவ். ரத்தம் ஏற்றுவதற்கு முன் எப்படியும் சோதித்துவிடுவார்கள், அதில் பயமில்லை. ஆனால் அவசரத்துக்கு யாரை எழுப்புவது என்று ஷீட்டைக் கேட்டால் இரண்டும் சரி என்றது. பெயர் கொடுத்துவிட்டு இன்னும் ரத்தம் கொடுக்காத புதியவருக்கோ அந்த ஷீட்டில் இடமே இல்லை. நானாக 1.1.2000 என்று ஒரு பொய்த் தேதி போட்டு உட்காரவைத்தேன். தவறாக ஏறிய ஒரு முகாமின் வரிகளை அழித்தபோது, அந்த வரிகளில் மட்டுமே இருந்த மூன்று பேர் தொலைபேசி எண்ணோடு சேர்ந்து காணாமல் போனார்கள். நானும் இன்னொரு தன்னார்வலரும் ஆளுக்கொரு நகலில் திருத்தியதையும், அவர் கடைசியாகச் சேமித்ததில் என் ஒரு வார உழைப்பு போனதையும் விரிவாகச் சொல்லப் போவதில்லை. இன்றும் வயிறு எரிகிறது.

பெரிய பட்டியல் என்றால் ஷீட் உடையும் என்பது உண்மைதான். 2020இல் இங்கிலாந்தில் பழைய எக்செல் வடிவத்தின் 65,536 வரி எல்லையில் முட்டி, 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன. ஆனால் என் ஷீட் எந்த எல்லையையும் தொடவில்லை. ஒரே உண்மை ஒன்பது இடத்தில் எழுதப்பட்டிருந்ததுதான் கோளாறு. அதற்கு 640 பேரே தாராளம்.

அண்ணன் மகள் ஒரு மாலையில் உட்கார்ந்து இதைத் தரவுத்தளத்துக்கு மாற்றி இரண்டாகப் பிரித்தாள். கொடையாளர் ஒரு டேபிள், தானம் ஒரு டேபிள். ரத்தப் பிரிவு ஆளைச் சேர்ந்தது, அதனால் ஆளுக்கு ஒரே இடத்தில். தேதி தானத்தைச் சேர்ந்தது, அதனால் அங்கே. ஆளை அடையாளம் காட்ட எதை வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். பெயர் உதவாது, இனிஷியல்கூட ஒத்துப்போகிற இரண்டு பேர் இருந்தார்கள். தொலைபேசி எண் என்றேன். "ஒரே போனை வைத்திருக்கும் கணவன் மனைவியை என்ன செய்வீர்கள் சித்தப்பா?" என்று கேட்டாள். சரி என்று ஆளுக்கொரு எண் கொடுத்தோம். அதுதான் பிரைமரி கீ. தான டேபிளில் பெயரோ போனோ கிடையாது, அந்த எண் மட்டும். அங்கே அதற்கு ஃபாரின் கீ என்று பெயர். ஒருநாள் 640 என்பதற்கு 6400 என்று அடித்துவிட்டேன், வாங்க மறுத்துவிட்டது. மென்பொருள் கெட்டுவிட்டதென்று அவளை அழைத்தேன். அப்படி ஓர் ஆள் இல்லை என்று அது சொன்னதை நான் படிக்கவே இல்லை.

இனி முதல் கோட்டுக்கு வருகிறேன். ரிலேஷன் என்பது இரண்டு டேபிள்களுக்கு நடுவே போடும் முடிச்சு இல்லை. அந்த டேபிளே ரிலேஷன். கணிதம் படித்தவரான எட்கர் காட், ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது 1970இல் வெளியிட்ட கட்டுரையில் கணங்களின் (செட்) கணிதத்திலிருந்து அந்தச் சொல்லை எடுத்தார். ஒவ்வொரு வரியும் ஒரு கூற்று: 212ஆம் எண்காரரின் பிரிவு பி பாசிட்டிவ். கணம் என்பதால் வரிகளுக்கு முன்பின் கிடையாது, ஒரே கூற்றை இரண்டு முறை சொல்வதும் கிடையாது. (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் இந்த இரண்டாவது விதியைத் தளர்த்திவிட்டது, காட் அதை ஏற்கவில்லை.) டேபிள்களை இணைக்கத் தனியாகக் கம்பி எதுவும் இல்லை. இங்கே இருக்கும் 212 அங்கேயும் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதைச் சொல்லிக்காட்டக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய அமைப்புகளில் உண்மையாகவே கம்பி இருந்தது. ஒரு பதிவு அடுத்த பதிவின் முகவரியைப் பிடித்திருக்கும். நிரல் எழுதுபவர் அந்த வழியிலேயே ஒவ்வொன்றாக நடந்து போக வேண்டும். 1973இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது பெற்ற சார்லஸ் பாக்மன், நிரலாளரை வழி கண்டுபிடித்துச் செல்லும் மாலுமியாகத்தான் தன் உரையில் சித்திரித்தார். காட் அந்தச் சுமையை இறக்கிவைத்தார். எது வேண்டும் என்று சொல், எப்படித் தேடுவது என்பது தரவுத்தளத்தின் பாடு. அந்த எண்ணத்தில் 1974இல் சேம்பர்லினும் பாய்ஸும் உருவாக்கிய மொழியே இன்றைய எஸ்க்யூஎல். காட்டுக்கும் 1981இல் அதே விருது கிடைத்தது.

எது வேண்டும் என்று சொன்னால் போதும் என்றேன், அதைச் சரியாகக் கேட்பது அத்தனை எளிதில்லை. 'கடைசி தானம் இந்தத் தேதிக்கு முன் என்றால் அவர் எண்ணைக் கொடு' என்று கேட்டு வந்தோம். புதியவர்கள் யாருமே வரவில்லை. தான டேபிளில் வரியே இல்லாதவர், இரண்டையும் இணைக்கும்போது விழுந்துவிடுகிறார். தானம் இல்லாத கொடையாளரையும் விடாமல் இணைக்கும் 'லெஃப்ட் ஜாயின்' போட்டோம், அப்போதும் வரவில்லை. இப்போது அவர்களுடைய தேதி 'நல்', அதாவது வெற்று. அது இந்தத் தேதிக்கு முன்னதா என்று கேட்டால் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. தெரியாது என்கிறது. நிபந்தனையோ ஆம் என்பவர்களை மட்டுமே உள்ளே விடும். 'தேதி நல் என்றாலும் சேர்த்துக்கொள்' என்று ஒரு வரி கூட்டிய பிறகுதான், கொடுக்கத் தயாராக நான்கு மாதம் காத்திருந்தவர்கள் திரையில் தெரிந்தார்கள். என் பழைய பொய்த் தேதியில் இந்தச் சிக்கல் வந்திருக்காது என்று பெருமையாகச் சொன்னேன். "அப்போது அவர்கள் 2000இல் ரத்தம் கொடுத்ததாக அறிக்கை வரும்" என்றாள்.

அடுத்த பகுதி நார்மலைசேஷன், அதாவது ஒரே உண்மை பல இடத்தில் வராதபடி டேபிள்களைப் பிரிப்பது பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். முதலாம் நிலை, இரண்டாம் நிலை என்று விதிகளை அடுக்கித் தொடங்காமல், கெட்டுப்போன ஒரு ஷீட்டைக் காட்டித் தொடங்கும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள். வேண்டுமென்றால் பெயர்களையும் எண்களையும் நீக்கிவிட்டு என்னுடையதையே அனுப்புகிறேன். அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ரத்ததானப் பட்டியல் பராமரிக்கும் வாசகர்