சஃபோக் வயலில் கிடைத்த நான்கு

அன்புள்ள சேகர்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கிலாந்தின் சஃபோக் வயலில் மெட்டல் டிடெக்டர் வைத்து நீ எடுத்த நான்கு பொருளையும் காட்டி "இது என்ன?" என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வை. எப்படிச் செய்தார்கள், எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே முறிந்திருக்கிறது என்பதை முதலில் பார். பெயர் பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும். டிடெக்டர் திரையில் வரும் எண்ணை நம்பி முடிவுக்கு வராதே. கசங்கிய அலுமினியத் தாளும் மெல்லிய தங்க மோதிரமும் ஒரே எண்ணைக் காட்டும்.

உருண்டையாக இருப்பது சலங்கை. நம் ஊர் மாட்டுச் சலங்கை போல, அங்கே குதிரைக்கும் ஆட்டுக்கும் கட்டியது. நடுவில் விளிம்பு ஓடி, இரண்டு தகட்டுக் கிண்ணங்களைச் சேர்த்துப் பற்றவைத்தது போல் இருந்தால் இடைக்காலத்தது. உன்னுடையதில் இணைப்பே தெரியவில்லை. மேலே இரண்டு வட்டத் துளை, கீழே பிளவு, இதழ் போன்ற கோடுகள். உள்ளே களிமண் கரு வைத்து ஒரே வார்ப்பாக ஊற்றியது இது. பிளவின் இரு பக்கமும் சாய்வான வெளிச்சம் விட்டுப் பார். ஆர், டபிள்யூ என்ற எழுத்துகள் தெரிந்தால் வில்ட்ஷரில் ஆல்ட்போர்ன் ஊரின் ராபர்ட் வெல்ஸ் பட்டறை, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது அதை ஒட்டிய காலம். உள்ளே இறுகிய மண்ணைக் கம்பி விட்டுக் குத்தாதே. சத்தம் எழுப்பும் உள்குண்டு இரும்பால் ஆனது. துருவேறி மண்ணோடு ஒட்டியிருக்கும், குத்தினால் பொடிந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, தானாகக் கரைவதை மட்டும் வடித்துவிடு.

சாம்பல் நிறத் தட்டுதான் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் அது எந்த ஈயம் என்று பார்க்க வேண்டும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், அடர்த்தி 7.3. காரீயம் 11.3. மண்ணில் கிடந்தால் இரண்டும் ஒரே மாதிரி மங்கிவிடும். 0.01 கிராம் காட்டும் சிறு தராசில் பொருளை எடைபோடு. பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, பொருளை நூலில் கட்டி முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடு. அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. இப்போது தராசு காட்டுவது பொருளின் கன அளவு. 14.6 கிராம் பொருள் 1.31 காட்டினால், வகுத்து வருவது 11.1. அது காரீயம். வெண்கலமும் பித்தளையும் 8.5-ஐ ஒட்டி வரும். ஒட்டிய காற்றுக் குமிழியும் இடுக்கு மண்ணும் கணக்கைக் குறைத்துக் காட்டும். ஐந்து கிராமுக்குக் கீழே இந்தச் சோதனையை நம்பாதே. அரை கன சென்டிமீட்டரில் 0.05 பிசகினால் பத்து சதவீதம் போய்விடும்.

காரீயம் என்று உறுதியானால், அது துணி முத்திரைதான் என்பேன். இரண்டு வட்டுகளை ஒரு பட்டை இணைத்திருக்கும். துணியின் ஓரத்தில் மடித்து, ஒரு வட்டின் குமிழை மற்றதன் துளையில் செருகி அச்சால் நசுக்குவார்கள். உன் படத்தில் நடுவே தெரியும் மேடு அந்தக் குமிழ், ஓரத்து முறிவு பட்டை இருந்த இடம். இங்கிலாந்தில் துணியின் தரத்தையும் அளவையும் சோதித்து இப்படி முத்திரையிடும் அரசு முறை 1724 வரை நடந்தது. கீறிய எண் இருந்தால் கஜ அளவாக இருக்கலாம். உட்பக்கத்தை லென்ஸில் பார், நெசவின் தடம் பதிந்திருக்கக்கூடும். அதனால்தான் தேய்க்காதே என்கிறேன். இதய வடிவத்தின் மேல் நான்கு போன்ற குறி தெரிந்தால் உடனே எழுது. அது கிழக்கிந்தியக் கம்பெனியின் மூட்டைக் குறி, 1794-இல் சென்னை மாகாணத்துக்காக அச்சிட்ட செப்புக் காசிலும் இருப்பது. வயலுக்கு எப்படி வந்தது என்று கேட்டாய். கந்தல் கம்பளியை அங்கே எருவாகப் போட்டார்கள். முத்திரையும் பொத்தானும் அதோடு வந்தவைதான்.

பொத்தானில் பெரிதாக எதுவும் இல்லை. பின்புறம் 'கில்ட்' என்று இருந்தால் முலாம் பூசியது, 1790-களுக்குப் பிந்தியது.

வளைந்த கொக்கியை நிமிர்த்தாதே, பழைய வெள்ளி முறியும். குமிழ்களும் கம்பி வேலைப்பாடும் முலாமும் சேர்ந்து பார்த்தால் 16-ஆம் நூற்றாண்டு உடைக் கொக்கி போலிருக்கிறது. நீர்ச் சோதனைக்கு இது மிகச் சிறியது. 300 ஆண்டுக்கு மேற்பட்டு, எடையில் பத்து சதவீதமாவது வெள்ளியோ தங்கமோ இருந்தால் 1996 புதையல் சட்டப்படி புதையல். சந்தேகம் வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் கொரோனருக்கு, அதாவது புதையலை விசாரிக்கும் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் மாவட்டக் கண்டெடுப்பு அலுவலரிடம் கொடுத்தால் அவர் வழி செய்வார். 2010-இல் கம்ப்ரியாவில் கிடைத்த கிராஸ்பி காரெட் ரோமானியத் தலைக்கவசம் வெண்கலம் என்பதால் இந்தச் சட்டத்தில் சிக்காமல் ஏலத்தில் 23 லட்சம் பவுண்டுக்கு ஒரு தனியாரிடம் போய்விட்டது. எனக்கு இன்றும் ஆறவில்லை. 2023 ஜூலை முதல் 200 ஆண்டு தாண்டிய, சிறப்பு மிக்க உலோகப் பொருள்களும் வரம்புக்குள் வருகின்றன.

ஒவ்வொன்றுக்கும் குழி இருந்த இடத்தை பிரிட்டிஷ் வரைபடத்தின் எட்டிலக்கக் கட்ட எண்ணோடு எழுது, பத்து மீட்டருக்குள் இடம் தெரியும். புளி போட்டுத் துலக்கும் கை நம்முடையது, அதை அடக்கிக்கொள். அமிலம் மேற்பரப்போடு எழுத்தையும் தின்றுவிடும். சலங்கையில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது சாதாரணக் களிம்பு இல்லை, உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தையே அரிக்கிறது. சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வை. முத்திரையை மட்டும் ஓக் பெட்டியில் வைக்காதே, மர ஆவி காரீயத்தை வெள்ளைப் பொடியாக்கும்.

முத்திரையின் இரு முகத்தையும் ஓரத்தையும் அளவுகோலோடு எடுத்து அனுப்பு. மாலாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முத்து