வயலின் வகுப்புக் காசு

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் நோவு கொஞ்சம் குறைவு. வெள்ளிக்கிழமை நீ கேட்டதற்கு "யோசித்துச் சொல்லுகிறேன்" என்று போனை வைத்துவிட்டேன். போனில் கதைத்தால் நீ இடையில் புகுந்துவிடுவாய். அதுதான் எழுதுகிறேன்.

பேரனுக்கு வயலின் வகுப்பு, அரை மணித்தியாலத்துக்கு 30 டொலர். வருசத்தில் 40 வகுப்பு என்றால் 1,200 டொலர். வயலின் வேறு. "அப்பா, இது வீண் செலவா?" என்று கேட்டாய். கணக்கு என்று வந்தால் நான் சும்மா வாயால் சொல்லுகிற ஆள் இல்லை. அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் முப்பத்தொரு வருசம் இலிகிதராக இருந்தவன். (கச்சேரிக்கே போய்வந்த மனிசன் ஒரு கச்சேரியும் கேட்டதில்லை என்று அம்மா இன்றைக்கும் பகிடி பண்ணுவது உனக்குத் தெரியும்.) அலுமாரி மேல்தட்டிலிருந்து வீட்டுக் கணக்கு எழுதிய பழைய சீ.ஆர். கொப்பிகளை இறக்கி, தூசி தட்டி, இரண்டு நாள் இருந்து கூட்டினேன்.

1997 தை முதல் 2002 மார்கழி வரை நீ வயலின் படித்த ஆறு வருசம். முதல் இரண்டு வருசம் மாதம் 150 ரூபா, பிறகு இரண்டு வருசம் 200, கடைசி இரண்டும் 300. வகுப்புக் காசு மாத்திரம் 15,600. வயலின், பழையது, 3,800. தந்தி, ரோசின், வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக் காசு, வில்லுக்கு மயிர் மாற்றியது எல்லாம் சேர்த்து 4,350. மொத்தம் 23,750 ரூபா. வயலின் வாங்கிய மாதம் என் கைக்கு வந்த சம்பளம் ஐயாயிரத்துச் சொச்சம். அம்மாவின் காப்புச் சோடி அடைவுக்குப் போய் எட்டு மாதத்தில் திரும்பியது. அந்த வட்டியை மேலே சேர்க்கவில்லை. சேர்க்க அம்மா விடவில்லை.

சரி, இவ்வளவுக்கும் என்ன கிடைத்தது? நாலாம் தரம் வரைக்கும் சேர்டிபிக்கற். சாதாரண தரப் பரீட்சையில் சங்கீதத்துக்கு ஒரு ஏ. ஆனால் அந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடத்திலேயே இலவசமாகப் படிப்பிக்கிறார்கள். ஏ ஒன்றுக்காக யாரும் 23,750 செலவழிக்கத் தேவையில்லை. சங்கீதம் படித்த பிள்ளைக்குக் கணக்கு தானாக ஓடும் என்று அன்றைக்கும் சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். உன்னுடைய கணித றிப்போட்டுகளும் இதே அலுமாரியில்தான் இருக்கின்றன. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

சனிக்கிழமைப் பின்னேரங்கள் ஞாபகம் இருக்கிறதா? திருகோணமலையில், அன்புவழிபுரத்திலிருந்து சிவன் கோயிலடிக்கு வகுப்புக்கு, சைக்கிள் பாரில் நீ, கரியரில் கட்டிய பெட்டி. ஆமிச் சென்றியில் ஒவ்வொரு முறையும் இறக்கி, திறந்து, பஞ்சு வைத்த இடமெல்லாம் தடவிப் பார்ப்பார்கள். ஒருநாள் ஒரு ஆமிக்காரப் பொடியன் வாசித்துக் காட்டச் சொல்லிச் சைகை காட்டினான். மண்மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த மரக்குற்றியில் குந்தி, நீ ஆரம்பப் பாடமான ஜண்டை வரிசை வாசித்தாய். சுதி சேர்க்காத வயலின், பின்னால் பஸ் வரிசை, என் சேட்டு நனைந்துவிட்டது. அவன் கேட்டான், சிரித்தான், பெட்டியை மூடிக் கையில் தந்தான். அடுத்த சனிக்கிழமையும் அதே பொடியன்தான். அன்றைக்கும் திறந்துதான் பார்த்தான்.

வயலினும் உனக்குப் பெரிது. ஊரில் அகப்பட்டது முழு அளவு ஒன்றுதான். பத்து வயதுக் கை, சுண்டுவிரல் எட்டாமல் நீ உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்ததைப் பார்க்க எனக்கே நோகும். ஆகவே பேரன் விசயத்தில் முதல் வேலை, ரீச்சரிடம் அவன் கையை அளக்கச் சொல். அரை அளவோ முக்காலோ, அவர் சொல்லுகிறதை வாடகைக்கு எடு. வளருகிற பிள்ளை, இரண்டு வருசத்தில் அடுத்த அளவு வேண்டும். காசு கொடுத்து வாங்கி அடுக்காதே.

இனி 30 டொலர் கணக்கு. வகுப்பு முடிந்து அடுத்த வகுப்பு வரைக்கும் அவன் பெட்டியைத் திறக்கவில்லை என்றால், ரீச்சர் போன கிழமைப் பாடத்தையே திரும்பச் சொல்லுவார். அப்ப ஒரு பாடத்துக்கு நீ 60 கொடுக்கிறாய். இரண்டு கிழமை திறக்காவிட்டால் 90. அதைவிட அந்தப் பின்னேரம் அவனை நீந்தவிடலாம். எங்கள் வீட்டில் விடிய ஐந்தரைக்கு அம்மா குசினியில் தேங்காய் திருவுகிற நேரம்தான் நீ வாசித்துச் சாதகம் பண்ணுகிற நேரம். சங்கீதம் ஒரு எழுத்தும் படிக்காத மனிசி. ஆனால் நீ பிழைவிட்டால் திருவலைச் சத்தம் நிற்கும். நீ திரும்ப வாசித்துச் சரியாக்கிய பிறகுதான் மற்றத் தேங்காய்ப் பாதி உருளும். ஆறு வருசம் அப்படி. இதைக் கொப்பியில் எந்தப் பக்கத்தில் எழுதுவது? நீயோ மருமகனோ நாளுக்கு இருபது நிமிசம் அவன் பக்கத்தில் இருக்க முடியுமா என்று முதலில் கதைத்து முடிவெடுங்கள். முடியும் என்றால் 30 டொலர் மலிவு.

அரங்கேற்றக் கதை எடுத்தால் மாத்திரம் என்னிடம் வராதே. அங்கே மண்டபம், சாப்பாடு, பட்டுச் சேலை, வீடியோ என்று வீட்டுக்கு முன்பணம் கட்டுகிற அளவுக்குச் செலவழிக்கிறார்கள் என்று கேள்வி. அந்தக் காசு ரீச்சருக்குப் போனால்கூடப் பரவாயில்லை.

எனக்கும் அந்த 23,750இல் ஒரு பங்கு விழுந்தது. சம்பந்தர் எங்கள் கோணேசர்மேல் பாடிய பதிகம், கடைசிப் பாட்டைத் தவிர மற்ற ஒவ்வொரு பாட்டும் "கோணமாமலை அமர்ந்தாரே" என்று முடிகிறது. சின்ன வயதில் பாடமாக்கிப் பரிசு வாங்கியவன் நான். 2000ஆம் ஆண்டு ஒரு பின்னேரம் விறாந்தையில் இருந்து நீ அதை வாசித்தாய். "அப்பா, இது புறநீர்மைப் பண், பூபாள ராகத்தில் பாடுவார்கள். இதில் ம-வும் இல்லை, நி-யும் இல்லை" என்றாய். நாற்பத்தேழு வயது எனக்கு. அதுவரை சொல்லைத்தான் கேட்டிருக்கிறேன். இப்போதும் கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையில் யாராவது அந்தப் பதிகத்தைத் தொடங்கினால், சொல்லை விட்டுவிட்டு அந்த இல்லாத இரண்டு சுரத்தையும் தேடிக்கொண்டு நிற்கிறேன்.

இன்னொன்று. 2003 தைப் பக்கத்தில் "வயலின்" என்ற வரி இல்லை. அந்த இடத்தில் "ரியூசன் – பௌதிகம், பெரியவன்" என்று இருக்கிறது. "சாதாரண தரம் முடியட்டும், பிறகு தொடரலாம்" என்று உனக்குச் சொன்னது பொய். சோதனைக்காக நிறுத்தவில்லை. அண்ணனின் உயர்தரச் சோதனைக்கு மூன்று ரியூசன், அதற்கும் வயலினுக்கும் காசு காணாது, வயலினை வெட்டினேன். 2002 மாசியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி, றோட்டில் மறிப்புக் குறைந்து, உன்னை நிம்மதியாக ஏற்றிக்கொண்டு போகலாம் என்று வந்த நேரம். நம்மூர் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் படித்தவர், கணக்குப் போட்டுப் பழைய யாழைக் கண்டுபிடித்து 1947இல் யாழ் நூலையும் தந்தவர். நான் அவனுக்குப் பௌதிகம், உனக்குச் சங்கீதம் என்று பங்கு பிரித்தேன். பிறகு உன் பங்கை எடுத்தேன். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏசியிருப்பேன் என்றும் தெரியும்.

போன கிழமை அதே பெட்டியைத் திறந்தேன். கடற்காற்றுக்குத் தந்தி நாலும் கறள். ஒரு பக்கம் பலகை பசை விட்டு, விரல்நகம் போகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. தந்தி முறுக்குகிற இரண்டு பிரடை திரும்பவே இல்லை. ஒரு ஆசாரி வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டி, பிரடையைத் திரும்புகிற மாதிரிச் செய்து, 3,500 ரூபா கேட்டார். கொடுத்தேன். கொப்பியிலும் எழுதிவிட்டேன்: "வயலின் – மகள்".

அடுத்த மாதம் அங்கே வருகிற சின்ன மாமாவிடம் கொடுத்துவிடுகிறேன். தந்தி போடவில்லை, அங்கே நல்லதாக வாங்கிப் போடு. பேரனுக்கு அது பெரிது.

அப்பா