அண்ணனின் குளிசையும் எனது இஞ்சிப் பிளேன்ரீயும்

ஆசிரியருக்கு,

"பிரஷர் சரியாப் போச்சு, இனி என்னத்துக்குக் குளிசை?" என்று அண்ணன் நிறுத்திவிட்டார். குளிசையால்தான் அது சரியாக இருந்தது என்பது போன மாரியில் ஒரு விடியற்காலை, நெஞ்சைப் பொத்திக்கொண்டு திண்ணையில் அவர் வியர்த்துக் கிடந்தபோதுதான் விளங்கியது. வாயு என்று நினைத்து இஞ்சிப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தவள் நான்தான். மாரடைப்பு அது; ஒரு மணித்தியாலம் வீண். அப்புறம் மகன் 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அடித்தான்; காசில்லாமலே அம்புலன்ஸ் வந்தது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை எவ்வளவு வெள்ளெனப் போடுகிறோமோ அவ்வளவு இதயத்தசை தப்பும் என்றார் வைத்தியர்.

இப்போது அண்ணன் வயலுக்குப் போகிறார், மடியில் குளிசைப் பையோடு. பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் எதுவும் பெரும்பாலும் அடியோடு குணமாகாது. ஆனால் அடக்கி வைக்கலாம். 35 வயது கடந்தவர்களை அரசின் சுகவாழ்வு நிலையங்களில் இலவசமாகச் சோதிக்கிறார்கள். நான் போன நாள் வரிசை முழுக்கப் பெண்கள். ஆண்கள் சந்தியில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கடிதத்தையும் அங்கேதான் வாசிப்பார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
களுவாஞ்சிக்குடி