பல நிற பிளஷரை ஒரே சுழற்றாய்ச் சுழற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் பல நிறப் பவுடர் பிளஷர், அதாவது ஒரே டப்பாவில் பல நிறப் பட்டைகளாக வரும் கன்னச் சாயப் பவுடர் பற்றிய குறிப்பு படித்தோம். "எல்லா நிறத்தையும் பிரஷால் ஒன்றாகச் சுழற்றித் தடவினால் போதும்" என்று அதில் இருந்தது. வெளுத்த நிறத்தவருக்கு அது ஒத்துவரும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அப்படித் தடவினால் கன்னத்தில் திருநீறு பூசியதுபோல் சாம்பல்தான் தெரியும்.

வெளிர் பட்டைகளில் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளைப் பொடி கூடுதலாக இருக்கும். செங்கல் நிறம், பெர்ரி நிறம் போன்ற பட்டைகளில்தான் நமக்கு வேண்டிய நிறமி அடர்த்தியாக இருக்கிறது. மொத்தமாய்க் கலக்கும்போது அந்த வெள்ளை அடர் நிறத்தை அமுக்கிவிடுகிறது.

வாங்குமுன் ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியே சோதியுங்கள். கடையில் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டரின் மேல்பரப்பை டிஷ்யூவால் துடைத்துவிட்டு, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் எடுத்துத் தாடையோரம் தடவலாம். புறங்கை வெயிலில் கறுத்திருக்கும், முழங்கையின் உட்புறம் முகத்தைவிட வெளுத்திருக்கும். இரண்டையும் நம்ப முடியாது. பிறகு கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பத்து நிமிடம் பொறுப்பதும் நல்லது. முகத்து எண்ணெய் ஊறியபின் சில நிறங்கள் கருத்துப்போகும். விற்பவர் அவசரப்படுத்தினால் அவர் பாடு!

தடவும்போது கண் ஷேடோ பிரஷ் அளவில் ஒன்று போதும். கன்னத்துக்கான பெரிய பிரஷ் ஒரு பட்டைக்குள் அடங்காது, பக்கத்து நிறத்தையும் அள்ளிவிடும். பவுண்டேஷன் ஈரமாக இருக்கையில் பவுடர் வைத்தால் விழுந்த இடத்திலேயே திட்டாக ஒட்டிக்கொள்ளும், பிறகு பரவாது. அதனால் முதலில் லேசாக லூஸ் பவுடர். அடுத்து அடர் பட்டையை இரண்டு தொடுகை எடுத்து, பிரஷின் காம்பைத் தட்டி உதறிவிட்டு, காதுப்பக்கத்திலிருந்து கன்னத்தின் நடுவை நோக்கித் தேய்க்கவும். நடு நிறம் அதன் விளிம்பில். மினுமினுப்புப் பட்டை கன்ன எலும்பின் உச்சியில் மட்டும்; பருத் தழும்பு இருந்தால் அதுவும் வேண்டாம். அதிலுள்ள மைக்கா என்ற மினுங்கும் தாதுப்பொடி ஒவ்வொரு குழியையும் எடுத்துக்காட்டும்.

சுங்கை சிப்புட் வெக்கையில், அதுவும் பகல் முகூர்த்தத்தில், வியர்வை கட்டாயம் வரும். டிஷ்யூவால் ஒற்றி எடுத்த பிறகே மறுபூச்சு. வியர்வையின் மேலேயே பூசினால் கோடு கோடாக வழியும்.

சில மாதங்களில் பிளஷர் பிரஷில் ஏறாமல் பளபளவென்று இறுகிவிட்டால், பவுடர் கெட்டுவிட்டதென்று தூக்கி எறிய வேண்டாம். பிரஷ் வழியே போன முக எண்ணெய் மேலே படலமாகப் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். செலோடேப்பை மெல்ல ஒட்டி உரித்தால் அடியிலுள்ள பவுடர் வெளிப்படும். கழுவிய பிரஷை நன்றாக உலர்த்தாமல் டப்பாவில் வைப்பதும் இதே தொல்லையைத் தரும். பவுடர் உடைந்துபோனால் ஆல்கஹால் ஊற்றி அழுத்தும் வழி ஒற்றை நிற டப்பாவுக்குத்தான். இதில் செய்தால் எல்லாம் ஒரே கலங்கல் நிறமாகிவிடும்.

பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் தயாரிப்பாளர், இறக்குமதியாளர் முகவரி இல்லாத டப்பாக்களும் கிடைக்கின்றன. வாங்குமுன், மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் கண்காணிக்கும் மலேசிய அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் இணையத்தளத்தில் பொருளின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

அடுத்த முறை இத்தகைய குறிப்போடு வெளியிடும் படங்களில் நம் நிறத்துக் கன்னம் ஒன்றாவது இடம்பெற வேண்டுகிறோம்.

மணப்பெண் ஒப்பனையாளர்கள் இருவர்,
சுங்கை சிப்புட், பேராக்