ஹொக்காய்டோ பனிச்சாலைக்கு 'இடப்பக்கம்' மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டிறுதி விடுமுறையில் ஜப்பானின் ஹொக்காய்டோவுக்குப் போய், வாடகைக் கார் எடுத்துப் பனியில் சுற்றி வரலாம் என்று தங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு பயணக் கட்டுரை வந்தது. அங்கும் மலேசியாவில் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் பயமில்லை என்று அது தைரியம் சொன்னது. எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்தே குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். இடப்பக்கம் என்பது சரிதான். பனியில் காரை ஓட்டிவிடலாம், நிறுத்துவதில்தான் எல்லாச் சிக்கலும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தபின் ஏறக்குறைய 9 மீட்டரில் நிற்கும். உராய்வு ஏழில் ஒரு பங்காகக் குறைந்த பனிக்கட்டியில் அதே கார் நிற்க 60 மீட்டருக்கு மேல் வேண்டும். கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஓடும் தூரத்தை இதில் சேர்க்கவில்லை. நான்கு சக்கர இயக்கம் உள்ள காரைக் கேட்டு வாங்கினாலும் இந்த 60 மீட்டர் குறையாது. அது கிளம்பவும் மேடேறவும் உதவும், அவ்வளவுதான்.

அங்கே மிக மோசமான இடம் மலைப்பாதை என்று நினைப்போம். நகரத்துச் சந்திப்புகள் அதற்குக் குறைந்தவை அல்ல. ஆணி பதித்த டயர்கள் தாரைச் சுரண்டிப் புழுதி கிளப்பியதால் ஜப்பான் 1990இல் சட்டம் போட்டு அவற்றைக் கட்டுப்படுத்தியது. ஆணியில்லாத 'ஸ்டட்லெஸ்' டயர்கள் ஒரே இடத்தில் நின்று நின்று கிளம்பும்போது பனியைத் தேய்த்துக் கண்ணாடியாக்கிவிடுகின்றன. சப்போரோ நகரில் வழுக்கும் இடங்களின் ஓரத்தில், எடுத்துத் தூவ மணல் பெட்டி வைத்திருப்பது இதற்காகத்தான். சிவப்பு விளக்கு தூரத்தில் தெரியும்போதே எண்ணெய்ப் பெடலிலிருந்து (ஆக்சிலரேட்டர்) காலை எடுத்துவிட வேண்டும். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி, மேலே மெல்லிய நீர்ப்படலம் நிற்கும் பனிக்கட்டி, கடுங்குளிரில் இறுகிய பனியைவிட வழுக்கும். பாலங்களில் காற்று மேலும் கீழும் படுவதால் மற்ற சாலைக்கு முன்பே அவை உறைந்துவிடும். சுரங்கப்பாதையின் வாயிலும் அப்படித்தான்.

டயருக்கு வருவோம். நம் ஊர் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். ஹொக்காய்டோவில் குளிர்காலத்தில் வாடகைக் கார்களுக்கு ஸ்டட்லெஸ் டயர்தான் போட்டிருக்கும். இருந்தாலும் சாவியை வாங்குமுன் குனிந்து பாருங்கள். பள்ளங்களுக்கு நடுவே பாதி உயரத்தில் ஒரு மேடு இருக்கும். டயர் அந்த மேடுவரை தேய்ந்திருந்தால் பனிக்கு உதவாது, வேறு கார் கேளுங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். வெப்பம் 10 டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் சுமார் 10 கிலோபாஸ்கல் இறங்கும். ஆகவே நீண்ட பயணத்தில் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைப் பார்க்க வேண்டும்.

கண்ணாடி கழுவும் நீர் எத்தனை டிகிரிவரை உறையாது என்று கேளுங்கள். மைனஸ் 30 வரை தாங்குவது நல்லது. நாம் பழகிய சவர்க்காரத் தண்ணீரை ஊற்றினால் குழாயோடு உறைந்துவிடும். கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும். கூரைமேல் உள்ள பனியையும் தள்ளிவிட்டுக் கிளம்புங்கள். பிரேக் பிடிக்கும்போது அது மொத்தமாக முன்கண்ணாடியில் சரியும். எல்.இ.டி. விளக்குகள் பனியை உருக்கும் அளவுக்குச் சூடாவதில்லை, நிறுத்தும் இடமெல்லாம் துடைக்க வேண்டியதுதான்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு பழக்கம்: ஏர்கோனை எப்போதும் உள்காற்றுச் சுழற்சியில் வைப்பது. இங்கே குளுமைக்கு அது சரி. அங்கே ஐந்து பேர் மூச்சின் ஈரம் சேர்ந்து சில நிமிடங்களில் கண்ணாடி மங்கிவிடும். வெளிக்காற்றுக்கு மாற்றி, ஹீட்டரோடு ஏர்கோனையும் போடுங்கள்.

இரவில் நிறுத்தும்போது கைப்பிரேக் போட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும். சமதரையில் 'பி' கியரில் விட்டு, வைப்பரைத் தூக்கி வையுங்கள். குழந்தைகளின் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றியபின் இருக்கை வாரை மாட்டி, மேலே போர்த்துங்கள். பஞ்சு ஜாக்கெட்டுக்கு மேல் இறுக்கிய வார் மோதும்போது தொளதொளத்துவிடும். 6 வயதுக்குட்பட்டோருக்கு அங்கே குழந்தை இருக்கை கட்டாயம்.

சறுக்கும்போது, ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒரே அழுத்தாக அழுத்துங்கள். பெடல் அதிர்ந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். சக்கரம் புதைந்தால், செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் செய்வதுபோல எண்ணெயை மிதித்து ஏற்றப் பார்ப்போம். பனியில் சக்கரம் சுழலச் சுழல அடியில் உருகிப் பனிக்கட்டியாகி இன்னும் வழுக்கும். சக்கரத்தின் முன்னும் பின்னும் பனியை வாரிவிட்டு, மணலோ தரைவிரிப்போ போட்டு, மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து எடுக்க வேண்டும். ஒரு மண்வெட்டி வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பனிப்புயலில் சிக்கினால் உயிரை எடுப்பது குளிர் மட்டுமல்ல. 2013 மார்ச்சில் ஹொக்காய்டோவில் ஒரே புயலில் 9 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் பனி மூடிய காருக்குள் கார்பன் மோனாக்சைடுக்குப் பலியானார்கள். புகைக்குழாயைப் பனி அடைத்தால் புகை காருக்குள் திரும்பும், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் இருப்பதே நல்லது. இன்ஜினை ஓடவிட்டே ஆகவேண்டுமென்றால் அடிக்கடி இறங்கிக் குழாயைச் சுற்றிலும் வாரிவிடுங்கள். சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். போர்வை, கைவிளக்கு, பவர் பேங்க், தண்ணீர், முறுக்கோ பேரீச்சையோ எல்லாம் இருக்கைப் பக்கமே இருக்கட்டும். பின்பெட்டியில் வைத்த தண்ணீர் கல்லாகிவிடும். பெட்ரோல் பாதிக்குக் கீழே போகுமுன் நிரப்புங்கள்.

கைப்பேசியில் மைஜேபிஜே செயலியில் உள்ள உரிமத்தை நம்பிப் போகாமல், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் உரிம அட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

டிசம்பரில் சப்போரோவில் மாலை 4 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். வரைபடம் காட்டும் நேரத்தோடு பாதியையாவது கூட்டிக்கொண்டு, இருட்டுமுன் சேரும்படி திட்டமிடுங்கள். பனியில் ஓட்டி அறியாதவர்கள் முதல் பயணத்திலேயே 1,139 மீட்டர் உயர மிகுனி கணவாய்க்குப் போகவேண்டுமா? சப்போரோவிலிருந்து அசஹிகாவாவுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். ரயிலில் போய், அங்கே காரை எடுத்துப் பகலில் பக்கத்து ஊர்களைச் சுற்றினால் போதும் என்பது என் கருத்து.

அடுத்த முறை இத்தகைய கட்டுரை போடும்போது, சாலை அவசர எண் #9910, போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119 ஆகிய மூன்றையும் ஒரு பெட்டிச் செய்தியாக அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாகனப் பட்டறை வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.