27 பாயிண்ட் அடித்த பையன்

கேரி, வட கரோலினா
23.1.2025

அன்பு யாழினிக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் ரெண்டு வார்த்தை சொல்வதற்குள் "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து பெரிதாக இருக்கிறது என்று கிண்டல் பண்ணாதே, கண்ணாடி மாற்ற வேண்டும்.

சியாட்டில் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து, அப்பா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கோபமில்லை. கோபம் வந்தால் அவர் பாத்திரம் தேய்ப்பார், உனக்கே தெரியும். இப்போது சிங்க்கில் எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் டியூக் காலேஜின் பழைய பாஸ்கெட் பால் மேட்ச் எதையாவது டிவியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். நேற்று ராத்திரி போட்டது 2022 பிப்ரவரி 5, உன் கரோலினா காலேஜின் ஊரான சேப்பல் ஹில்லில் நடந்தது. உனக்குப் பேரைச் சொன்னாலே எரியும் மேட்ச். எனக்குத் துணி மடிக்கிற வேலை இருந்தது. ஆனாலும் கடைசி வரை பார்த்தேன். பார்க்கப் பார்க்கத்தான் உனக்கு என்ன எழுதுவது என்று பிடிபட்டது.

அன்றைக்கு நீ அங்கேதான் இருந்தாய். லாட்டரியில் மாணவர் டிக்கெட் விழுந்து, கன்னத்தில் வெளிர்நீலச் சாயத்தை அப்பிக்கொண்டு, கூடைக்குப் பின்னால் நிற்கிற கூட்டத்தோடு. இங்கே சோபாவில் அப்பா டியூக் தொப்பியோடு. டர்ஹமில் டியூக் ஆஸ்பத்திரி லேபில் சம்பளம் வாங்குகிற மனுஷன் வேறு எந்தப் பக்கம் நிற்பார்? ரெண்டு காலேஜுக்கும் நடுவில் 15-501 ரோட்டில் பத்து மைல்தான். இந்த வட்டாரத்தில் ஒரே வீட்டுக்குள் ரெண்டு கட்சி இருப்பது ஒன்றும் புதுசில்லை. நான் எந்தக் கட்சி என்று மட்டும் நீங்கள் ரெண்டு பேரும் கேட்டதே கிடையாது.

டியூக்கின் தலைமைக் கோச், எல்லாரும் கோச் கே என்று கூப்பிடுகிறவர், சேப்பல் ஹில்லுக்கு வருகிற கடைசித் தடவை அது. 1980-இல் டியூக்கில் சேர்ந்தவர், அஞ்சு தேசிய சாம்பியன்ஷிப் வாங்கிக் கொடுத்தவர். அந்த சீசனோடு ஓய்வு என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார். உங்கள் பக்கம் ஹியூபர்ட் டேவிஸ். பழைய கோச் ராய் வில்லியம்ஸ் விலகிய பிறகு பொறுப்புக்கு வந்து முதல் வருஷம், தலைமைக் கோச்சாக டியூக்கை எதிர்த்து முதல் ஆட்டம். 21,750 பேர் உட்காருகிற அரங்கம். பெரியவரைச் சும்மா வழியனுப்பக்கூடாது என்று எல்லாரும் தொண்டையைத் தீட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள்.

அப்புறம் டியூக் 31, நீங்கள் 8.

கடைசியில் 87-67 என்று முடிந்ததெல்லாம் பின்னால் வந்த கணக்கு. ஆட்டம் அந்த 31-8-லேயே முடிந்துவிட்டது. எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்காதே, நான் பெரியகுளத்துக்காரி. மே மாசம் அகில இந்தியப் போட்டி நடக்கும்போது தாத்தா என்னைக் கேலரிக்குக் கூட்டிப்போவார். ராத்திரி லைட் வெளிச்சத்தில் ஆட்டம். ஊர்ஜனம் ஒரு டீமைப் பிடித்துக்கொண்டால் எதிர் டீமுக்கு மூச்சு முட்டும். தாத்தா பந்தைப் பார்க்கவே மாட்டார், கூட்டத்தைத்தான் பார்ப்பார். "முதல்ல இவங்கள உட்கார வைக்கிறானான்னு பாரு தாயி" என்பார்.

வெளியூரில் போய் ஆடுவது லேசில்லை. கோச் கத்துவது, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டு காதில் விழாது. அடுத்து என்ன ஆடப்போகிறோம் என்பதை விரலைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். ஃப்ரீ த்ரோ போட வந்தால் கூடைக்குப் பின்னால் நீங்கள் எல்லாரும் கையை ஆட்டிக் கூச்சல் போடுவீர்கள். ரெஃப்ரியும் மனுஷன்தான். இருபதாயிரம் பேர் ஒரே குரலில் கத்தினால் அவருக்கும் கொஞ்சம் உறைக்காதா? கூட்டம் சூடு பிடிப்பதற்கு முன்னால் ஸ்கோரை ஏற்றிவிட்டால் இத்தனையும் அடங்கிவிடும். டியூக் பையன்கள் அதைத்தான் செய்தார்கள். 31-8 ஆனபோது அரங்கமே எழவு வீடாகிவிட்டது. தரையில் ஷூ கிறீச்சிடுகிற சத்தம் டிவியில் தனியாகக் கேட்டது. நேற்று கவனித்துப் பார்த்தேன், இப்போதும் கேட்கிறது.

எல்லாரும் பார்க்க வந்தது டியூக்கின் பாவ்லோ பாங்கெரோவை. அந்த ஜூன் மாசம் என்பிஏ டிராஃப்டில், அதாவது சம்பளத்துக்கு ஆடுகிற பெரிய டீம்கள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதில், முதல் ஆளாகப் போனவன். ஆனால் அன்றைக்கு 27 பாயிண்ட் அடித்தவன் ஏ.ஜே. கிரிஃபின். பதினெட்டு வயசு, முதல் வருஷ மாணவன். சீசன் தொடங்கும் முன்பே முட்டியில் அடிபட்டு, ஆரம்ப ஆட்டங்களில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவன். கரோலினா கொஞ்சம் நெருங்கும், நீங்கள் எல்லாரும் எழுந்து நிற்பீர்கள், அவன் ஒன்று போடுவான், திரும்ப அடங்குவீர்கள். அன்று ராத்திரி நீ போன் பண்ணியபோது தொண்டை கட்டிப் பாதி வார்த்தை வெளியே வரவில்லை. "அந்த கிரிஃபினை எனக்குப் பிடிக்கவே இல்லம்மா" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. பின்னால் அப்பா சிரித்ததும் உனக்குக் கேட்டிருக்கும்.

அந்தப் பையன் இப்போது பாஸ்கெட் பால் ஆடுவதில்லை.

2022 டிராஃப்டில் 16-ஆவதாக அட்லாண்டா எடுத்தது. முதல் வருஷம் நன்றாகவே ஆடினான். ரெண்டாவது வருஷம் கோர்ட்டில் இறங்கியதே குறைவு. போன கோடையில் ஹூஸ்டனுக்கு மாற்றினார்கள். செப்டம்பரில், சீசன் தொடங்கும் முன், இனி ஆடப்போவதில்லை, முழுநேரக் கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போகிறேன் என்று வீடியோவில் சொல்லிவிட்டான். இருபத்தொரு வயசு. இத்தனைக்கும் அது இந்தத் தொழிலின் நெளிவு சுளிவெல்லாம் தெரிந்த வீடு. அவன் அப்பா ஏட்ரியன் கிரிஃபினும் என்பிஏவில் ஆடியவர்தான். பிறகு மில்வாக்கிக்குத் தலைமைக் கோச்சாகப் போனார். 43 ஆட்டத்தில் 30 ஜெயித்திருந்தும், போன வருஷம் ஜனவரியில் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

நியூஸ் வந்த அன்றைக்கு அப்பா சொன்னது இரண்டே சொல். "பைத்தியக்காரப் பய." உன் விஷயத்தில் அவர் வாயைத் திறந்தால் இதைத்தான் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வார்: இவ்வளவு நன்றாக வருகிறதே, அதைப் போய் விடுவார்களா? எனக்கு இந்தக் கேள்வி பிடிபடவில்லை. ஒருத்தனுக்கு ஒன்று நன்றாக வருகிறது என்பதற்காக ஆயுசு முழுக்க அதையே அவன் தலையில் கட்டிவிட வேண்டுமா? அந்த 27 பாயிண்ட் அவன் அடித்ததுதான். அதை யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை.

ஆனால் என்னிடம் வேறு கேள்வி இருக்கிறது, அதற்கு நீ நேராகப் பதில் சொல்ல வேண்டும். ரெண்டாவது வருஷம் ஆட வாய்ப்புக் கிடைக்காத கசப்பில் போய்விட்டான் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். அந்தப் பையன் மனசை நான் பார்க்கவில்லை. உன்னை எனக்குத் தெரியும். புது மேனேஜர் வந்ததிலிருந்து ஆபீஸ் பேச்சை எடுத்தாலே நீ பேச்சை மாற்றுகிறாய். உன்னை அங்கே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்களா? அதுதான் காரணம் என்றால் வேறு கம்பெனி பார், ஊரை மாற்று. அந்த ஆளுக்காகத் தொழிலை விடாதே. காரணம் அது இல்லை என்றால் சரி.

நான் அது இல்லை என்றுதான் நினைக்கிறேன். காலேஜில் படிக்கும்போது சனிக்கிழமைகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போவாய். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல், என் சப்பாத்தியைப் பிடுங்கிப் பாதி பாதியாகக் கிழித்து மேஜையில் அடுக்கினாய். மூன்றை அரையால் வகுத்தால் ஏன் ஆறு வருகிறது என்று ஒரு பையனுக்கு எப்படிப் புரிய வைத்தாய் என்று காட்டுவதற்கு. சியாட்டில் வேலை கிடைத்த அன்று கூட உன் முகத்தில் அந்தக் களை இல்லை.

அப்பாவுக்கு உள்ளூர ஒரு பயம்: ஒரு தடவை விட்டால் திரும்பி நுழைய முடியாது என்று. அதற்கு அவருடைய டியூக்கையே எடுத்துப் பேசு. 2022-லேயே மார்ச் 5, டியூக்கின் கேமரன் அரங்கம், கோச் கே-யின் கடைசிச் சொந்த மண் ஆட்டம். 9,314 பேர். அவரிடம் ஆடிய பழைய பிள்ளைகள் மட்டும் 90-க்கு மேல் வந்து நின்றார்கள். ஒரு மாசத்துக்கு முன் சொந்த அரங்கத்திலேயே இருபது பாயிண்டில் தோற்ற உங்கள் டீம் போய் 94-81 என்று ஜெயித்துவிட்டு வந்தது. அப்பா அன்று எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்தார். ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில், தேசியப் போட்டியின் அரையிறுதியில், திரும்பவும் டியூக்கை 81-77 என்று ஜெயித்தது. நீ சேப்பல் ஹில் ஃப்ராங்க்ளின் தெருவில் விடிய விடிய நின்றாய். இறுதி ஆட்டத்தில் இடைவேளையில் 15 பாயிண்ட் முன்னால் இருந்துவிட்டு கேன்சஸிடம் 72-69 என்று தோற்றதை மட்டும் நீ எடுக்காதே. அவர் எடுப்பார், தயாராக இரு.

இன்னொன்றும் சொல். நீ தொண்டை கிழியக் கத்திய அரங்கத்துக்குப் பேர் வைத்திருக்கிறார்களே கரோலினாவின் பழைய கோச் டீன் ஸ்மித், அவர் கேன்சஸில் படித்தது கணக்கு. அவர் அப்பா, அம்மா ரெண்டு பேருமே அரசுப் பள்ளி ஆசிரியர்கள். 2015-இல் அவர் இறந்த பிறகு, தன்னிடம் ஆடிய ஒவ்வொரு பையனுக்கும் வெளியே போய் ஒரு வேளை நல்ல சாப்பாடு சாப்பிட 200 டாலர் என்று உயில் எழுதி வைத்திருந்தது தெரிந்தது. கோச்சா வாத்தியாரா, என்னைக் கேட்டால் வாத்தியார் என்றுதான் சொல்வேன். டியூக்காரருக்கும் அவரைப் பிடிக்கும், அதனால் தைரியமாக எடுக்கலாம்.

இனி பணம். வட கரோலினாவில் புது டீச்சருக்கு அரசு நிர்ணயித்த ஆரம்பச் சம்பளம் வருஷத்துக்கு 41,000 டாலர். நீ இப்போது வாங்குவதோடு அதை வைத்துப் பார்க்காதே, தலை சுற்றும். இங்கே ரெசிடென்சி லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. டிகிரி இருந்தால், ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்து படித்துக்கொண்டே வகுப்பு எடுக்கலாம். கோயிலில் பார்க்கிற ஒரு டீச்சரம்மா சொன்னார். நீயும் விசாரி. இன்சூரன்ஸ் எந்தத் தேதியோடு நிற்கும், ஃபிளாட் ஒப்பந்தம் எப்போது முடியும், ரெண்டையும் பார்த்துவிட்டு ராஜினாமாக் கடிதம் கொடு. இங்கே வருவதானால் உன் அறை இருக்கிறது. அப்பாவின் டிரெட்மில்லை மட்டும் வெளியே தள்ள வேண்டும்.

பிப்ரவரி 1, சனிக்கிழமை, கரோலினா கேமரனுக்கு வருகிறது. டியூக்கில் புதுசாக வந்த கூப்பர் ஃப்ளாக் ஆடுகிற ஆட்டத்துக்கு டியூக்தான் ஜெயிக்கும் என்று படுகிறது, மனசைத் தேற்றிக்கொள். ஜெயித்தால் மேட்ச் முடிந்து அரை மணி கழித்து அப்பாவுக்கே நேராக அடி, எனக்கு இல்லை. தோற்றால் அன்று வேண்டாம், ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு எழுந்த பிறகு பேசு. கார் லோன் பாக்கி எவ்வளவு என்று கையில் எழுதி வைத்துக்கொள். அதைத்தான் முதலில் கேட்பார்.

அன்புடன்,
அம்மா